இரண்டு எழுத்துக்கு ஒரு கட்டம்

உயிரெழுத்தின் தலையில்தான் உச்சரிப்புக் குறி உட்காரும். கிரேக்கத்தில் எனக்குத் தெரிந்த இலக்கணம் இவ்வளவுதான். அதையும் பியூலாதான் சொல்லித் தந்தாள், எழுத்துரு செய்யத் தொடங்கிய புதிதில், எதெதற்கெல்லாம் குறி வைத்து வரைய வேண்டும் என்று நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது. ஏழே ஏழு எழுத்துதான் அத்தான், மத்ததத் தொடாதிய, வேலை மிச்சம்லா என்றாள். அப்படியிருக்க இந்தச் சிக்மாவின் தலையில் குறி எப்படி வந்தது? சிக்மா மெய்யெழுத்து. அதன் தலையில் குறி இருந்தால் அது பக்கத்து வீட்டுக்காரன் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்த மாதிரி. சரி, ஒரு இடத்தில் கை தவறியிருக்கும் என்று கீழே போனால் இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று, சிவப்பு சிவப்பாக. ‘இடம் இல்லை’ என்கிறது எழுத்தை மாற்றுகிற மென்பொருள். நியாயம்தான், குறி வைத்த சிக்மாவுக்கு உலகத்தின் எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது. பியூலாவின் அகராதியில் ஆல்ஃபாவிலிருந்து உப்சிலான் வரைக்கும் ஒரு சிவப்புகூட வரவில்லை. அடுத்த எழுத்தான ஃபியைத் திறந்ததும் வயிற்றுப்போக்கு மாதிரி வருகிறது. மின்விசிறி கடகடவென்கிறது, எண்ணெய் விட வேண்டும். அடுத்த அறையில் பியூலா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், காம்பை உருவும் சத்தம் கேட்கிறது. உருவி, தடவிப் பார்த்து, மறுபடி உருவுகிறாள்.

அட்டவணையில் தப்பு இருக்கும். என் தப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும், இருந்தால் நல்லது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு எண், அவ்வளவுதான் இந்தப் பிழைப்பு. அந்தக் காலத்தில் கணினிக்கு ஆங்கிலம் தவிர வேறு எதுவும் தெரியாது என்பதால் ஆங்கில எழுத்தின் கட்டத்தில் நம் எழுத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம். ஏ-யின் கட்டத்தில் ஆல்ஃபா, எஸ்-ஸின் கட்டத்தில் சிக்மா. கணினி ஏ என்று நினைத்துக்கொண்டிருக்கும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஆல்ஃபா தெரியும். கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இந்தத் தில்லுமுல்லு தெரியும், எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் மணமகனும் மணமகளும் ஆங்கிலக் கிறுக்கலாக நிற்பார்கள். பியூலாவுக்காக நான் செய்த எழுத்துரு அப்படிப்பட்டது. பாளையங்கோட்டையில் என் அச்சகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவையும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தது. இறையியல் கல்லூரியில் கிரேக்க வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கச் சொல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள், விளக்கம் என்று ஓர் அகராதி, அவள் ஒருத்தியாக. கண் அழுத்தம் என்று மருத்துவர் சொன்னபோது ப்பை எழுத்து வரைக்கும் வந்திருந்தாள். பக்கவாட்டுப் பார்வை போய், பிறகு நடுவில் ஒரு நாணயம் அளவுக்கு மிச்சம் இருந்து, பிறகு அதுவும் போய். இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்பதைக் காற்றை வைத்துச் சொல்கிறாள். தமிழ் விளக்கங்களை ஃபோனிடம் பேசிவிடுவாள், அது எழுதிக்கொள்ளும். கிரேக்கச் சொற்களை மட்டும் கையாலேயே அடித்து முடித்தாள், பார்க்காமல், விரல் கணக்கில். என் கை மறக்காது அத்தான் என்றாள். முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். நான் எழுதினதை நானே ஒருதரம் கேக்கணும், மிசினை வாசிக்க வைக்க முடியுமா? பழைய கட்டங்களில் இருக்கிறவரை மிசின் அதை ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வாசிக்கும். அதற்குத்தான் இந்த வேலை, ஒவ்வொரு எழுத்தையும் கள்ளக் கட்டத்திலிருந்து எழுப்பி அதற்குரிய யூனிகோடு கட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது. இன்று மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் சொன்னேன்.

“என்னத்தான், மூச்சுபேச்சயே காணும்?” என்கிறாள் அங்கிருந்து. “இன்னும் கொஞ்சம் இருக்கு.” “காலைலேருந்து கொஞ்சம் இருக்குன்னுதான் சொல்லுதிய.” குரலில் சிரிப்பு இருக்கிறது. காலையில் ஆல்ஃபாவின் முதல் பக்கத்தை வாசிக்க வைத்தேன், அதிலிருந்து அந்தச் சிரிப்பு. மிசினுக்குத் தெரிந்தது இன்றைக்குக் கிரேக்க நாட்டில் பேசுகிற உச்சரிப்பு, இவள் கற்றதும் கற்பித்ததும் பழைய உச்சரிப்பு. நாலு வரி கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். “இது ஏதென்ஸ் பஸ் ஸ்டாண்டுல பேசுத கிரேக்கம்லா. பவுல் அப்போஸ்தலரே கேட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டாரு. எல்லாத்தயும் ஈ, ஈன்னு இளிக்கி.” ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒவ்வொரு சொல்லையும் மிசின் சொன்ன பிறகு தன் உச்சரிப்பில் ஒருமுறை, மெதுவாக, பல்லில் பட்டும் படாமலும் சொல்லிக்கொண்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அகராதி முடிந்ததிலிருந்து பகலில் படுத்துத் தூங்குகிறவள், யார் வந்தாலும் ஆமா, இல்ல என்று ரெண்டே சொல்லில் அனுப்பி வைக்கிறவள், இன்று காலையில் கீரை ஆய்கிறேன் கொண்டாங்க என்று தானாகக் கேட்டாள். கீரையில் காம்பு கிடக்கும். கிடந்தால் நான் தட்டோரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வேன், சத்தமில்லாமல். அது அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அட்டவணையில் தப்பில்லை. நாலு தரம் பார்த்துவிட்டேன். ஆல்ஃபா முதல் பக்கத்தை எந்த அட்டவணை சரியாக மாற்றியதோ அதே அட்டவணைதான் இது. அப்படியானால், வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. எனக்குத் தெரிந்த சொல் ஒன்றாவது ஃபியில் இருக்காதா? இருக்கிறது. குரல், சத்தம் என்று அவள் ஃபோனில் பேசிய விளக்கம் தமிழில் பளிச்சென்று இருக்கிறது. ஃபோனே. நம்ம கையில வச்சிருக்கோமே ஃபோன், அது இதுலேருந்து வந்ததுதான் என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள். ஃபியில் தொடங்கி ஈட்டாவில் முடியும். திரையில் இருப்பது காமாவில் தொடங்குகிறது. காமாவிலேயே முடிகிறது. அந்தக் கடைசிக் காமாவின் தலையில் ஒரு குறி, கோணலாக. ஃபி என்றால் எஃப் விசை. எஃப்புக்கு வலப்பக்கம் ஜி, ஜி என்றால் காமா. ஈட்டா என்றால் எச் விசை. எச்சுக்கு இடப்பக்கம் அதே ஜி. ஏ-யை அடிக்கப் போய் எஸ் விழுந்திருக்கிறது. ஓ-வை அடிக்கப் போய் ஐ. இடதுகை ஒரு விசை வலப்பக்கம், வலதுகை ஒரு விசை இடப்பக்கம், ரெண்டு கையும் ஆளுக்கு ஒரு விசை உள்ளே தள்ளி. எப்படித் தள்ளும், ஒருநாள் தள்ளலாம், தினமுமா தள்ளும்? கறுப்பு விசைப்பலகையை மடியில் எடுத்து வைத்துத் தடவுகிறேன். எஃப் மேல் ஒரு சின்னக் கோடு, ஜே மேல் ஒரு சின்னக் கோடு, பார்க்காமல் அடிக்கிறவர்கள் விரல் வைக்க. ஆட்காட்டி விரலுக்கு. அச்சகத்துப் பழைய வெள்ளைப் பலகையில் அந்த மேடு எங்கே இருந்தது? டி மேல். கே மேல். நடுவிரலுக்கு. அவள் அதில்தான் பழகினாள், அதில்தான் ப்பையும் ரோவும் சிக்மாவும் அடித்தாள். உப்சிலான் முடிந்த சமயம், ஐப்பசி மழையில் ஜன்னல் திறந்து கிடந்து பழைய பலகை நனைந்து செத்துப்போனது. மறுநாளே வண்ணார்பேட்டைக்குப் போய் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தேன். புதுசு எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, மெத்துனு இருக்கு அத்தான் என்றாள். நடுவிரலை மேட்டின் மேல் வைத்தாள். மேடு இருந்தது. அவளுக்கு வேறு என்ன தெரியும்.

ஒரு சொட்டுப் பசை. டி மேல் ஒரு சொட்டு, கே மேல் ஒரு சொட்டு, காய்ந்தால் மேடு. கடையில் சில்லறைக்குப் பதிலாகக் கொடுப்பார்களே அந்தக் குட்டிப் பசை போதும். எழுத்துரு செய்கிறவன், விசைப்பலகையோடு குடும்பம் நடத்துகிறவன், எனக்கு அது தோன்றவில்லை. நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். தினமும் சாயங்காலம் அவள் அடித்ததைச் சேமித்து வைத்தது நான்தான். பக்கம் பக்கமாக ஓட்டிப் பார்த்தேன். எழுத்துகள் அழகாக இருந்தன. வரிக்கு வரி இடைவெளி சரியாக இருக்கிறதா, காமாவின் வால் கீழ்வரியில் இடிக்கிறதா என்று பார்த்தேன். காமாக்கள் அதிகமாக இருக்கிறதே என்று ஒருநாள் நினைத்ததுகூட ஞாபகம் வருகிறது, நன்றாக வரைந்திருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். எனக்கு அது சொல்லாகத் தெரியவே தெரியாது, நாற்பது வருஷமாக வடிவம் மட்டும்தான் தெரிகிறது. அவளுக்குச் சொல் தெரியும், கண் இல்லை. ரெண்டு பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து, நல்ல ஜோடிதான் போ. அவள் அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தாக மிசின் சொல்லட்டுமா என்று கேட்டேன்தான். பழைய கட்டத்தில் இருப்பதால் அது ஏ, எஸ் என்று ஆங்கிலத்தில் கத்தும், பைத்தியம் பிடித்துவிடும், நிறுத்துங்க என்றாள். நிறுத்தினேன். சத்தமில்லாமல் அடித்தாள், ஃபி, ஹி, ப்ஸி, ஓமெகா. கடைசிச் சொல்லை அடித்துவிட்டு ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, முடிஞ்சுது அத்தான், ஜெபம் பண்ணுவோம் என்றாள். நான்தான் ஜெபம் பண்ணினேன், ரெண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. கல்லூரியில் கேக் வெட்டினார்கள். பொன்னாடை போட்டார்கள். கண் தெரியாமல் ஓர் அகராதியை முடித்த அம்மையார் என்று முதல்வர் பேசினார், பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிட வேண்டும் என்று தெரியாமல் அவள் நாலு பக்கமும் கும்பிட்டாள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அவள் பார்க்க முடியாத படம்.

சரி, அட்டவணையில் போன சரக்கை அட்டவணையிலேயே மீட்கலாம். இன்னொரு அட்டவணை செய்தால் தீர்ந்தது. சிக்மாவின் கட்டத்தில் ஆல்ஃபாவை வை, ரோவின் கட்டத்தில் எப்சிலானை வை, கப்பாவின் கட்டத்தில் லாம்டாவை வை. கை எப்படித் தள்ளிப்போனதோ அப்படியே எழுத்தையும் தள்ளி வை. அவளுக்குத் தெரியாமலே சரியாகிவிடும். சொல்லவே வேண்டாம். கை ஓடுகிறது, வைக்கிறேன், வைக்கிறேன், எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தன் வீட்டுக்குப் போகின்றன, மனசு லேசாகிறது, காமாவுக்கு வந்ததும் கை நின்றுபோகிறது. காமாவின் கட்டத்தில் எதை வைப்பது? ஃபியை வைத்தால் ஃபோனே என்பது ஃபியில் முடியும். ஈட்டாவை வைத்தால் ஈட்டாவில் தொடங்கும். ரெண்டு கையும் உள்ளே தள்ளி வந்ததில் நடுவில் இருக்கிற விசைகளை ரெண்டு கையும் அடித்திருக்கிறது. இடதுகை அடித்த ஜி-யும் வலதுகை அடித்த ஜி-யும் கணினிக்கு ஒன்றுதான், யார் விரல் என்று அது பார்க்குமா? காமா மட்டுமில்லை, டவ்வும் உப்சிலானும் ஒரே கட்டத்தில், ரோவும் ப்ஸியும் ஒரே கட்டத்தில், இப்படி ஐந்து ஜோடி. ரெண்டு எழுத்துக்கு ஒரு கட்டம். எது எது என்று சொல்லக் கிரேக்கம் தெரிய வேண்டும். அந்தந்த இடங்களை மட்டும் வெறும் கட்டமாக விட்டு மற்றதை மாற்றியிருக்கிறேன், பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக, பல் விழுந்த வாய். கிரேக்கம் தெரிந்தவன் ஜெபஸ்டின் இருக்கிறான், அவளுக்குப் பிறகு அந்த வகுப்பை எடுக்கிறவன், அவளிடமே படித்தவன். ரகசியமாக அனுப்பினால் உட்கார்ந்து நிரப்பித் தந்துவிடுவான். நல்ல பையன்தான். ஆனால் ஒருநாள், எப்போதோ, வேறு யாரோ, அம்மா அன்னைக்கு அடிச்சது எல்லாமே தப்பாமே, ஐயா சொல்லலையா என்று அவளிடம் கேட்பார்கள். அல்லது கேட்கவே மாட்டார்கள், நான் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் சாப்பிட்டு, படுத்து, எழுந்து. கீரைக் காம்பை ஒதுக்கலாம். இதை எந்தத் தட்டோரத்தில் ஒதுக்குவது? சொன்னாலோ, அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான், கண் போன பிறகும் தானாக முடித்தோம் என்கிற அந்த ஒன்று. அதை அவளிடமிருந்து நான் எடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. அவள் கோபப்படுவாள் என்று பயமில்லை. மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள், சுவரைப் பார்த்து. சுவரைப் பார்த்து என்ன, அவளுக்கு எல்லாம் சுவர்தான். குக்கர் ரெண்டாவது விசில் அடிக்கிறது. வளையல் சத்தம் சுவரோரமாகவே வருகிறது. அவள் எழுந்துவிட்டாள்.

சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்து, உட்கார்ந்தாள். கையில் கீரை வாசனை. “ஆரம்பத்தக் கேட்டாச்சு, நடுவுல உள்ளது பைய இருக்கட்டும். கடைசிச் சொல்ல மட்டும் வாசிக்கச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போயி தாளிக்கேன்.” அதுக்கு இன்னும் குரல் ஏறல என்று ஏதோ உளறினேன். “அப்போ நீங்க வாசிங்க. எழுத்துத் தெரியும்லா, கூட்டி வாசிங்க, போதும்.” கடைசிப் பக்கம், கடைசி வரி. பிரயோஜனமுள்ளது என்று தமிழில் இருக்கிறது. பக்கத்தில் கிரேக்கம், எட்டு எழுத்தில் மூன்று வெறும் கட்டம். “ஓமெகா,” என்றேன். அடுத்தது கட்டம். ஃபியா, ஈட்டாவா, ரெண்டில் ஒன்று, பூவா தலையா போட்டேன். “ஈட்டா. எப்சிலான். லாம்டா. அயோட்டா...” அவள் கையைத் தூக்கினாள், வகுப்பில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி. “ஓமெகாவுக்கு அடுத்து என்னது?” “ஈட்டா.” “கிடையாதே. நல்லாப் பாருங்க.” நான் திரையைப் பார்த்தேன். “அத்தான், அங்க என்ன இருக்கு? உள்ளதச் சொல்லுங்க.” “கட்டம்.” “என்ன கட்டம்?” சொன்னேன். வாய் திறந்த பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, சிக்மாவின் தலையில் இருந்த குறியை, வெள்ளைப் பலகையை, கறுப்புப் பலகையை, நடுவிரலை. சொல்லும்போதே அவள் ரெண்டு கையும் மடிமேல் எழுந்து விரல்களை விரித்து ஊன்றிக்கொண்டன. ஒரு விரல் அசைந்தது, பிறகு இன்னொன்று. நான் சொல்லி முடிப்பதற்கு முன்பே அந்த விரல்களுக்குப் புரிந்துவிட்டது. “ஃபியிலேருந்தா?” என்றாள். “ஆமா.” “ஹியும்? ப்ஸியும்?” “எல்லாந்தான்.” “அன்னைக்கு அத்தன பேரும் எந்திச்சு நின்னு கை தட்டுனாங்களே, அத்தான்.” பலகையை வாங்கினது நான்தான் என்றேன். “நீங்க என்ன செய்விய,” என்றாள். திட்டியிருக்கலாம். விரல்களை மடக்கிக்கொண்டு, “கண்ணு போனா என்ன, கை இருக்குன்னு நெனச்சிருந்தேன்,” என்றாள். “ஜெபஸ்டின்ட்ட குடுத்துருங்க. அவன் பாத்துக்கிடுவான்.” எழுந்தாள். நாற்காலியின் முதுகு, கதவு நிலை, சுவர், சுவர். அடுப்பங்கரையில் அடுப்பு பற்றவில்லை, கரண்டி எடுக்கிற சத்தமும் இல்லை.

நான் அந்தக் கட்டத்தின் மேலேயே இருக்கிறேன். ஜெபஸ்டினுக்கு எழுத வேண்டும், அன்புள்ள என்று தொடங்க வேண்டும், எழுதவில்லை. கட்டத்தின் ஓரத்தில் கோடு மின்னி மின்னி மறைகிறது. எழுந்து போய் அவள் தோளைத் தொடலாம், தொட்டால் என்ன சொல்வது, எனக்குத் தெரிந்த ஆறுதலில் எது அவளுக்குப் போதும்? நாற்பது வருஷமாக அவளிடம் நான் கேட்டது ஒன்றுதான், இங்கே என்ன எழுத்து வரும், இதற்கு என்ன குறி வரும். வேறு பேச்சு எனக்கு வராது. “பியூலா,” என்று இங்கிருந்தே குரல் கொடுக்கிறேன், “ஓமெகாவுக்கு அடுத்து என்னது?” மின்விசிறி கடகடக்கிறது. மறுபடி கேட்கிறேன், அதே குரலில், உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற மாதிரி. அடுப்பங்கரையிலிருந்து, “ஃபி,” என்கிறாள். அடிக்கிறேன். கட்டம் போய் ஃபி வந்து உட்காருகிறது, அதன் வயிறும் குச்சியும் எல்லாம் சரியாக. “இன்னும் ரெண்டு கட்டம் இருக்கு,” என்கிறேன். உடனே அடுப்பங்கரையில் குழாய் திறக்கிறது, முழுசாக, பாத்திரம் எதுவும் கீழே வைக்காமல், வெறும் தொட்டியில் தண்ணீர் ஓங்கி விழுகிறது. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் அழுவது கேட்கிறது. ஆஸ்பத்திரியில் இனிமேல் ஒண்ணும் செய்யறதுக்கில்லை என்று சொன்ன அன்றுகூட அவள் அழவில்லை. எனக்குக் கேட்கக்கூடாது என்றுதான் குழாயைத் திறந்திருக்கிறாள். திறந்தே கிடக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். குழாயை அவளாக மூடுகிறவரை அடுத்த எழுத்தை நான் கேட்கப் போவதில்லை.